'முடிந்தது' என்று சொல்ல உரியவர் யார்?
எண்ணெய், எரிவாயு ஆலைகளின் நிறைவுச் சோதனை வளர்ந்த வரலாறு

ஓர் ஆலை எப்பொழுது கட்டி முடிந்ததாகும்? கடைசிக் குழாயைப் பற்றவைத்த தொழிலாளி தம் கருவிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டும்பொழுதா? ஒப்பந்தக்காரர் கடைசித் தவணைப் பணத்துக்குக் கணக்கு அனுப்பும்பொழுதா? அல்லது அவ்வாலையை நாளும் ஓட்டப்போகிறவர், "இனி அஞ்சாமல் ஓட்டலாம்" என்று மனமாரச் சொல்லும்பொழுதா?

சாதாரண வீடாயின் இக்கேள்விக்கு அத்துணைக் கனம் இல்லை. வேலை முழுமை பெறாவிட்டால் கூரை ஒழுகும். கதவு நிலையில் உரசும். குடிபுகுந்த பின்னும் ஆளை அழைத்துச் சரிசெய்துகொள்ளலாம். எண்ணெயும் எரிவாயுவும் பாயும் ஆலையின் நிலை வேறு. இறுக்க மறந்த ஒரு திருகாணியும், குழாயினுள் விடுபட்ட ஓர் இரும்புத் துண்டும் முதல் நாளிலேயே உயிரைக் கேட்கும்.

இதனாலேயே பொறியாளர் இவ்வேலையை மூன்று படிகளாக வகுத்துள்ளனர். கட்டுதல் முதற்படி. கட்டியவை வரைபடத்துக்கும் விதிக்கும் ஒத்துள்ளனவா என்று ஒவ்வோர் உறுப்பாகச் சோதித்துக் கையொப்பமிடுதல் இரண்டாம் படி. இதனை 'மெக்கானிக்கல் கம்ப்ளீஷன்' என வழங்குவர்; பொறியமைப்பு நிறைவு எனத் தமிழில் கூறலாம். ஆலைக்கு உயிரூட்டி இயக்கிப் பார்த்தல் மூன்றாம் படி. அது 'கமிஷனிங்', அதாவது இயக்கத் தொடக்கம். முதற்படி எல்லார் கண்ணுக்கும் தெரிவது. மூன்றாம் படிக்கு விழாவும் உண்டு. இடையிலுள்ள இரண்டாம் படியோ வெளியுலகம் அறியாதது. ஆயினும் உயிரைக் காப்பது அதுவே. அப்படிக்கு ஒரு சீரான நெறி வேண்டும் என்னும் எண்ணம் ஒரே நாளில் தோன்றியதன்று. அதன் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

கொதிகலன் கற்பித்த பாடம்

அவ்வரலாறு எண்ணெய்க் கிணற்றருகே தொடங்கவில்லை. நீராவிக் கொதிகலனிலே தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலை, கப்பல், இரயில் ஆகிய அனைத்தையும் நீராவியே இயக்கிற்று. கொதிகலனைச் செய்தவர் 'இது நல்லது' என்றால் வாங்கியவர் பெரும்பாலும் நம்ப வேண்டியதே. 1865 ஏப்ரலில் மிசிசிப்பி ஆற்றில் 'சுல்தானா' என்னும் நீராவிப் படகின் கொதிகலன்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உள்நாட்டுப் போர் முடிந்து வீடு திரும்பிய படைவீரர்களே அவர்களிற் பெரும்பாலோர். கசிந்த கொதிகலன் ஒன்றுக்கு வழியிலே அவசரமாக ஒட்டுப்போட்டுவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்திருந்தனர். அவ்வொட்டு வேலை 'முடிந்தது' என்று கூறிவிட்டனர். 

1905 மார்ச் 20-ஆம் நாள் காலை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் நகரத்துக் காலணித் தொழிற்சாலையொன்றில் கொதிகலன் வெடித்தது. நான்கு மாடிக் கட்டடம் சரிந்து தீப்பற்றியது. இறந்தோர் 58 பேர். காயமுற்றோர் ஏறத்தாழ 150 பேர். அத்துயரம் மாநில அரசை அசைத்தது. 1907-இல் கொதிகலன் கட்டுமானத்துக்கும் சோதனைக்கும் அம்மாநிலம் விதிகள் வகுத்தது. பின்னர் வேறு மாநிலங்களும் தத்தமக்கென விதிசெய்யத் தலைப்பட்டன. விதிகள் ஒன்றோடொன்று முரண்படவே, ஒரு மாநிலத்துக்குச் செய்த கொதிகலனை இன்னொரு மாநிலத்தில் விற்க இயலாமல் உற்பத்தியாளர் திண்டாடினர். எல்லார்க்கும் பொதுவான ஒரு நெறி வேண்டும் என்ற குரல் எழுந்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1911-இல் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு தொகுத்த கொதிகலன் நெறித்தொகுப்பு 1915-இல் வெளிவந்தது.

இங்கே ஓர் உண்மையைக் கருத வேண்டும். பொது நெறியைப் பெற்ற தாயர் இருவர். ஒருத்தி சாவு, மற்றொருத்தி செலவு. சாவு விதியைத் தோற்றுவித்தது. விதிகள் பலவாகப் பெருகியதால் வந்த செலவோ அவற்றை ஒன்றாக்கியது. பிற்காலத்தில் எண்ணெய்த் தொழிலிலும் இக்கதை மீண்டும் நிகழ்ந்தது.

அந்நெறித்தொகுப்பின் உயிரான கருத்துகள் இரண்டு. முதலாவது, கொதிகலன் தாங்க வேண்டிய அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் நீரை நிரப்பிச் சோதித்தல். காற்றை அடைத்துச் சோதித்தால் அது சுருங்கித் தன்னுள் பேராற்றலைச் சேர்த்துவைக்கும். கலம் உடைந்தால் வெடிக்கும். நீர் எளிதிற் சுருங்காது; கலம் பிளந்தாலும் பெரும்பாலும் ஒழுகுவதோடு நின்றுவிடும். இரண்டாவது, செய்தவர் அல்லாத வேறொருவர் சோதனையை நேரிற் கண்டு சான்று அளித்தல். காலப்போக்கில் செய்தவரும் சோதித்தவரும் ஒரே தாளில் கையொப்பமிடும் வழக்கம் நிலைபெற்றது. தான் எழுதிய விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளும் உரிமை மாணாக்கனுக்கு இல்லை அன்றோ? அவ்வுரிமையைக் கொதிகலன் செய்பவரிடமிருந்தும் எடுத்துவிட்டது இந்நெறி.

சுண்ணக்கட்டியால் வரைந்த குழாய்

ஒரு கலத்துக்குப் பொருந்திய இந்நெறி, நூறு கலங்களும் ஆயிரம் குழாய்களும் இணைந்த முழு ஆலைக்கு உடனே பொருந்திவிடவில்லை. ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே நன்றாயிருந்தும் இணைப்பு தவறானால் என்னவாகும் என்பதை உலகம் 1974-இல் கண்டது.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வட்டாரத்தில் பிளிக்ஸ்பரோ என்னும் சிற்றூரின் அருகே நைலானுக்குரிய மூலப்பொருளைச் செய்யும் ஆலை ஒன்று இருந்தது. அங்கே ஆறு பெரிய வினைக்கலங்கள் படிக்கட்டுப்போல் ஒன்றைவிட ஒன்று சிறிது தாழ்வாக வரிசையாக நின்றன. எளிதில் தீப்பற்றும் சைக்ளோஹெக்சேன் என்னும் திரவம், நீரின் கொதிநிலையினும் மிகுந்த வெப்பத்தில், அழுத்தத்தோடு அவற்றினூடே பாய்ந்தது. 1974 மார்ச் இறுதியில் ஐந்தாம் கலத்தில் விரிசல் காணப்பட்டது. அக்கலத்தை அகற்றி, நான்காம் கலத்தையும் ஆறாம் கலத்தையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைக்க முடிவு செய்தனர்.

கலங்களின் வாய்கள் 28 அங்குல விட்டம் உடையவை. கையிற் கிடைத்த குழாயோ 20 அங்குலம். இரு கலங்களும் ஒரே மட்டத்தில் இல்லாமையால் குழாய் இடையே வளைய வேண்டியதாயிற்று. அதன் இரு முனைகளிலும் துருத்திபோல் மடிப்புகள் கொண்ட இணைப்புகள் இருந்தன. அக்குழாய்க்கு முறையான வரைபடம் கிடையாது. பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் வரைந்த கோடுகளே வரைபடம். அழுத்தம் ஏறும்பொழுது வளைந்த குழாய் எவ்வாறு திருகும் என்று கணக்கிட்டுப் பார்த்தவர் இல்லை. ஆலையின் இயந்திரப் பொறியாளர் பதவி அப்பொழுது காலியாக இருந்தது. குழாயைத் தாங்கச் சாரம் கட்டியதோடு சரி.

சோதனை நடக்காமல் இல்லை. ஆனால் அது கசிவு உண்டா என்று பார்த்த சோதனையே. காப்பு வால்வு திறக்கும் அழுத்தம் சதுரச் சென்டிமீட்டருக்கு 11 கிலோகிராம். சோதித்த அழுத்தமோ 9. குழாய் தாங்க நேரிடக்கூடிய உச்ச அளவுக்கு அதனைச் சோதிக்கவில்லை. ஏப்ரல் முதல் நாள் ஆலை மீண்டும் ஓடத் தொடங்கிற்று. இரண்டு மாதம் குழாயும் தாங்கிற்று.

ஜூன் 1-ஆம் நாள், சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குச் சற்றுமுன் அக்குழாய் பிய்ந்து விழுந்தது. பரவிய ஆவி மேகம் தீப்பற்றி வெடித்தது. ஆலையில் இருந்தோரில் 28 பேர் மாண்டனர். அவர்களில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். ஏறத்தாழ 1,800 வீடுகள் சேதமுற்றன. வேலை நாளாக இருந்திருப்பின் இறந்தோர் தொகை பன்மடங்கு ஆகியிருக்கும்.

1975-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறிய பாடம் எளியது. ஆலையில் பின்னர்ச் செய்யும் எந்த மாற்றமும், ஆலையை முதலிற் கட்டியபொழுது கையாண்ட அதே தரத்தில் வரையப்படவும் கட்டப்படவும் சோதிக்கப்படவும் வேண்டும். தற்காலிகம் என்ற சொல் அழுத்தத்துக்குத் தெரியாது.

இரண்டு தாள்கள்

சோதனை செய்தாலும் கையொப்பமிட்டாலும் மட்டும் போதுமா? அத்தாள் உரியவர் கையில் உரிய நேரத்தில் இருக்க வேண்டும் அன்றோ? இதனை வடகடலின் 'பைப்பர் ஆல்பா' துயரம் காட்டியது.

அது புதிதாகக் கட்டிய ஆலையன்று. ஸ்காத்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 120 மைல் தொலைவில், 1976 முதல் எண்ணெய் எடுத்துவந்த கடல்மேடை. 1988 ஜூலை 6-ஆம் நாள் அங்கிருந்த இரு பம்புகளில் ஒன்றைப் பழுதுபார்க்க நிறுத்தியிருந்தனர். அதனோடு சேர்ந்த காப்பு வால்வு ஒன்றையும் சோதனைக்காகக் கழற்றியிருந்தனர். வால்வு இருந்த இடத்தை வெறும் மூடுதட்டு ஒன்றால் அடைத்தனர். மாலை ஆறு மணிக்குள் வேலை முடியவில்லை. பம்புக்கு ஒரு தாள், வால்வுக்கு மற்றொரு தாள் என அனுமதித் தாள்கள் இரண்டு இருந்தன.

இரவு பத்து மணிக்குச் சற்றுமுன் ஓடிக்கொண்டிருந்த மற்றப் பம்பு நின்றுவிட்டது. இரவுப் பணியாளர் முதற்பம்பின் தாளை அறிந்திருந்தனர். அதன் பழுதுவேலை இன்னும் தொடங்கவில்லை ஆதலால் ஓட்டலாம் எனக் கருதினர். வால்வு இல்லை என்று கூறும் தாள் அவர்கள் கண்ணிற் படவில்லை. பம்பை இயக்கியதும் மூடுதட்டின் வழியே வாயு கசிந்தது. வெடிப்பும் தீயுமாக அவ்விரவில் 167 பேர் மாண்டனர். கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை 1990 நவம்பரில் 106 பரிந்துரைகளோடு வெளிவந்தது.

கட்டுவோரும் ஓட்டுவோரும் வேறானவராகும் எல்லா இடங்களிலும் இத்துயரத்தின் பாடம் பொருந்தும். எது முடிந்தது, எது முடியவில்லை என்னும் செய்தி ஒரு குழுவினரிடமிருந்து மற்றொரு குழுவினரிடம் செல்லும் இடமே மிக ஆபத்தான இடம். புதிய ஆலையில் அச்செய்தி ஒருமுறையன்று, ஆயிரக்கணக்கான முறை கைமாறுகிறது.

நார்வே வகுத்த நெறி

வடகடலில் எண்ணெய் எடுத்த நாடுகளுள் ஒன்றாகிய நார்வே, இக்கைமாற்றத்துக்கு எழுத்து வடிவில் ஒரு பொது நெறி கண்டது. அதற்கு நேரடித் தூண்டுகோல் விபத்தன்று, விலையே. 1986-இல் எண்ணெய் விலை சரிந்தது. கடல்மேடை கட்டும் செலவோ குறையவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு விதிநூல் வைத்திருந்தமையால், ஒப்பந்தக்காரர் ஒரே வேலையை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகச் செய்து காட்ட வேண்டியிருந்தது. 1993-இல் அரசும் தொழில்துறையும் கூடி 'நோர்சோக்' என்னும் முயற்சியைத் தொடங்கின. நார்வேக் கடற்படுகையின் போட்டி நிலை என்பதே அப்பெயரின் விரிவு. அம்முயற்சியில் பிறந்த நெறிநூல்களுள் 'இஸட்-007' என்பது பொறியமைப்பு நிறைவையும் இயக்கத் தொடக்கத்தையும் பற்றியது. அதன் இரண்டாம் பதிப்பு 1999 டிசம்பரில் வெளிவந்தது.

இத்தகைய நெறி செய்வது யாது? முதற்கண், ஆலையைப் பார்க்கும் பார்வையை மாற்றுகிறது. கட்டுவோர் இடம் இடமாகக் கட்டுவர்: இன்று கீழ்த்தளம், நாளை மேல்தளம். ஓட்டுவோருக்கு இடம் பெரிதன்று, அமைப்பே வேண்டும். தீயணைப்பு நீர் ஓர் அமைப்பு. மின்சாரம் ஓர் அமைப்பு. எரிவாயு ஓர் அமைப்பு. ஒரே குழாய் மூன்று தளங்களை ஊடுருவிச் செல்லும். ஆகவே ஆலை முழுவதையும் அமைப்புகளாகவும், அவற்றைச் சிறு சிறு தொகுதிகளாகவும் பிரித்து, ஒவ்வொன்றின் எல்லையையும் வரைபடத்தில் வண்ணமிட்டுக் குறிப்பர். ஒவ்வொரு பம்புக்கும் வால்வுக்கும் மின்கம்பிக்கும் தனியான எண் உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சோதனைத்தாள் உண்டு.

குழாயாயின் பற்றுவைப்பு, நீரழுத்தச் சோதனை, உட்புறத் தூய்மை, ஈரம் உலர்த்தல் ஆகியவற்றைத் தாள் கேட்கும். சோதனைக்காகக் கழற்றியவற்றை மீண்டும் பொருத்தியாயிற்றா என்றும் கேட்கும். பைப்பர் ஆல்பாவின் மூடுதட்டை எண்ணிப் பார்ப்பவருக்கு இக்கடைசிக் கேள்வியின் கனம் புரியும். பம்பாயின், மோட்டாரும் பம்பும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று கேட்கும். மின்கம்பியாயின் அதன் மேலுறையின் காப்புத் திறனைக் கேட்கும்.

தாள்கள் நிறைந்தபின் கட்டியவரும் ஓட்டப்போகிறவரும் சேர்ந்து வரைபடத்தைக் கையில் ஏந்தி அமைப்பு நெடுகிலும் நடந்து பார்ப்பர். கண்ட குறைகளைக் குறைப்பட்டியில் எழுதுவர். குறைகளைத் தரம் பிரிப்பதும் உண்டு. உயிருக்கோ இயக்கத்துக்கோ ஊறு செய்யக்கூடியது 'ஏ' வகை. அது தீராமல் அடுத்த படிக்குச் செல்லலாகாது. வண்ணப் பூச்சு விடுபட்டமை போன்றது 'பி' வகை; நாள் குறித்துப் பின்னர்த் தீர்த்துக்கொள்ளலாம். இவையெல்லாம் முடிந்தபின் இருவரும் கையொப்பமிட்ட சான்றிதழோடு அமைப்பு கைமாறும். அக்கணம் முதல் கட்டியவரும் அனுமதியின்றி அதனைத் தொடக்கூடாது. இத்துணை வாயில்களையும் கடந்த பின்னரே எண்ணெயோ எரிவாயுவோ உள்ளே நுழையும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை

நெறி பிறந்துவிட்டால் வரலாறு முடிந்துவிடுமா? 2010 பிப்ரவரி 7-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்னுமிடத்தில் எரிவாயுவால் இயங்கும் மின்நிலையம் ஒன்று கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. எரிவாயுக் குழாயினுள் துகளும் துருவும் இருந்தால் டர்பைன் கெடும். எனவே குழாயைத் தூய்மை செய்வது நிறைவு வேலைகளில் இன்றியமையாத ஒன்று. அன்று தூய்மை செய்யப் பயன்படுத்தியது எது? எரிவாயுவே. மிகுந்த அழுத்தத்தில் வாயுவைக் குழாயினுள் பாய்ச்சி, மறுமுனையில் வெளியே ஊதச் செய்தனர். பெருங்கட்டமைப்புகளின் இடையே, தரைக்கு அருகிலேயே வாயு வெளிப்பட்டது. காலையிலிருந்து பலமுறை ஊதினர். பதினொன்றேகால் மணியளவில் தேங்கிய வாயு தீப்பற்றி வெடித்தது. அறுவர் மாண்டனர், ஐம்பதுக்கும் குறையாதோர் காயமுற்றனர்.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. 2009 ஜூனில் வட கரோலினாவில் ஓர் உணவு ஆலையில் புதிய நீர்ச்சூடேற்றி பொருத்தும்பொழுது, குழாயிலிருந்த காற்றை எரிவாயுவால் கட்டடத்துக்குள்ளேயே வெளியேற்றியதால் வெடிப்பு நேர்ந்து நால்வர் மாண்டிருந்தனர். அதனை ஆராய்ந்த அமெரிக்க இரசாயன விபத்து விசாரணை வாரியம் தன் அவசரப் பரிந்துரைகளை வெளியிட்டது 2010 பிப்ரவரி 4-ஆம் நாள். மிடில்டவுன் வெடிப்புக்கு மூன்று நாள் முன்னர்!

குழாய் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். எதனால் தூய்மை செய்யலாகாது என்று கட்டாயமாகக் கூறும் விதி இல்லை. காற்றாலும் நைட்ரஜனாலும் நீராவியாலும் அவ்வேலையைச் செய்யலாம். 'தூய்மை செய்யப்பட்டது' என்னும் கட்டத்தில் இடும் ஒரு குறி, அது செய்யப்பட்ட வழியைச் சொல்லாது. வாரியம் அவ்வாண்டு ஜூன் மாதம் எரிவாயுவால் ஊதுவதைத் தடைசெய்யுமாறு பரிந்துரைத்தது. 2011-இல் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இதற்கெனவே ஒரு நெறியை வெளியிட்டது. கனெக்டிகட் மாநிலமும் அவ்வழக்கத்தைத் தடைசெய்தது.

கையொப்பத்தின் பொருள்

இது மலேசிய வாசகர்க்கும் தொலைவான செய்தியன்று. ஜொகூர் மாநிலத்துப் பெங்கேராங்கில் எழுந்த பெரும் சுத்திகரிப்பாலையில் 2020 மார்ச் 15-ஆம் நாளிரவு நேர்ந்த தீவிபத்தில் ஐவர் மாண்டனர். அவ்வாலை அப்பொழுது முழு வணிக உற்பத்தியைத் தொடங்கியிருக்கவில்லை. மனிதக் குழந்தைக்குப்போலவே ஆலைக்கும் பிறக்கும் பருவம் ஆபத்தான பருவம்.

பெருந்திட்டங்களில் இரண்டாம் படிக்கு நேரும் இடர் ஒன்றுண்டு. வரைபடம் தாமதமாகும், எஃகு வருவது தாமதமாகும், மழையால் வேலை நிற்கும். ஆனால் திறப்பு நாள் மட்டும் நகர்வதில்லை. முன்னர் இழந்த நாட்கள் அனைத்தும் கடைசியில் நிற்கும் சோதனைக்காரரின் கணக்கிலே கழிக்கப்படும். அவ்வேளையில் 'ஏ' வகைக் குறை 'பி' வகையாக இறங்குவதும், பார்க்காத குழாய்க்குக் கையொப்பம் விழுவதும் எளிது. செலவைக் குறைக்கப் பிறந்த நெறியைச் செலவே வளைத்துவிடும்.

இதனை எந்த நெறிநூலும் முற்றிலும் தடுத்துவிட இயலாது. ஆயினும் அது ஓர் அரிய காரியத்தைச் செய்கிறது. எளிய நிலையிலுள்ள சோதனையாளர் ஒருவருக்கு, 'இன்னும் முடியவில்லை' என்று எழுத ஒரு கட்டத்தை அது தாளில் ஒதுக்கித் தருகிறது. அக்கட்டத்தில் அவர் எழுதியதை அழிக்க வேண்டுமானால் வேறொருவர் தம் பெயரை அங்கே இட்டாக வேண்டும். பெயர் இட வேண்டிய இடத்தில் கை சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் பல உயிர்கள் பிழைக்கின்றன.

பிளிக்ஸ்பரோவின் பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்த குழாயை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அங்கே இருந்தவர் எவரும் தீயவரல்லர். ஆலையை விரைந்து ஓட்ட விழைந்த உழைப்பாளிகளே. அந்த வரைபடத்தில் கோடுகள் இருந்தன, அளவுகளும் இருந்தன. கையொப்பமிட இடம் மட்டும் இல்லை.